ஓடுதளம், தடம், நினைவு: தென் கலிஃபோர்னியாவின் டிராக் பந்தய வரலாறு

டிராக் பந்தயத்தில் அசையாமல் நிற்கும் இரண்டு கார்கள் ஒரே சைகைக்குப் புறப்பட்டு, நேர்ப்பாதையில் கால் மைல் தூரத்தை (402 மீட்டர்) ஓடிக் கடக்கின்றன. வளைவோ சுற்றோ கிடையாது. சில நொடிகளில் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். ஒரு தடத்துக்கு வேண்டியதெல்லாம் ஏறக்குறைய ஒரு மைல் நீளமுள்ள சமதளம், நேரம் அளக்கும் கருவி, சில பலகை இருக்கைகள், ஒரு தின்பண்டக் கடை. அதனால்தான் 1950-களில் அமெரிக்கா முழுவதும் இத்தகைய தடங்கள் புற்றீசல் போலக் கிளம்பின. செலவில்லாமல் வந்த தடம் தடயமில்லாமல் போகவும் முடிந்தது. இந்தப் பந்தயத்தின் தாயகமான தென் கலிஃபோர்னியாவில் இருந்த பழைய தடங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. தடம் போன பிறகு ஆர்வலர்களின் நினைவு கார்களைப் பற்றிக்கொண்டது. கார்களையும் பழையபடி ஓட்ட முடியாமல் போனபோது, அவற்றின் ஒலியைப் பற்றிக்கொண்டது.

வறண்ட ஏரிகளிலிருந்து ஓடுதளத்துக்கு

1930-களில் லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டையும் கூரையையும் கழற்றி எறிந்துவிட்டு, மொஹாவி பாலைவனத்தின் முராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப்படுகைகளுக்கு ஓட்டிச் செல்வது வழக்கம். 1937-இல் இவர்களின் மன்றங்கள் ஒன்றுகூடித் தென் கலிஃபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்தன. அங்கே அளக்கப்பட்டது உச்ச வேகம். நீண்ட தூரம் ஓடி வேகம் திரட்டிய பிறகே கார் அளவுக்கோட்டைத் தொடும். நின்ற இடத்திலிருந்து பாயும் ஆற்றலுக்கு அங்கே வேலையில்லை. பின்னர் முராக் படுகையை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களிடம் இயந்திர அறிவும் கையில் கொஞ்சம் பணமும் இருந்தன. 1932 முதல் ஃபோர்டு விற்ற வி-8 எஞ்சின் கொண்ட பழைய கார்கள் மலிவாகக் கிடைத்தன. பாலைவனத்துக்குப் போகப் பொறுமையில்லாதவர்கள் நகரச் சாலைகளிலேயே இரவில் போட்டியிட்டார்கள். விபத்துகள் பெருகின. பத்திரிகைகள் இந்த இளைஞர்களைப் பொது எதிரிகளாகச் சித்திரித்தன. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் தொடங்கிய ‘ஹாட் ராட்’ (வேகத்துக்காக மாற்றியமைத்த கார்) இதழும், அதன் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸும் அந்தக் கெட்ட பெயரை மாற்ற முனைந்தார்கள்.

1949-இல் சாண்டா பார்பராவுக்கு அருகே கோலீட்டாவில் மூடப்பட்ட ஒரு சாலையில் நடந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தப்பட்ட டிராக் பந்தயத்தின் முன்னோடியாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆனால் வாரந்தோறும் கட்டணம் வாங்கி, நேரம் அளந்து, நிரந்தரத் தொழிலாக நடந்த முதல் தடம் 1950 கோடையில் சாண்டா ஆனாவில் உருவானது. ஆரஞ்சு கவுன்ட்டி விமான நிலையத்தின் ஓடுதளம் ஒன்றில் சி. ஜே. ஹார்ட், ஃப்ராங்க் ஸ்டில்வெல், கிரைட்டன் ஹன்டர் ஆகியோர் இதை நடத்தினார்கள். ஐம்பது சென்ட் கொடுத்தவர்கள் உள்ளே போகலாம். ஹார்ட்டின் மனைவி பெக்கியும் அங்கே கார் ஓட்டி வென்றவர். சான் டியேகோவிலிருந்து ஹோவாக்கின் அர்னெட் தலைமையில் வந்த ‘பீன் பேண்டிட்ஸ்’ குழு அந்த ஆண்டுகளின் வலுவான அணிகளில் ஒன்று. மெக்சிகோ வழியினரும் கறுப்பினத்தவரும் ஜப்பானிய, ஃபிலிப்பினோ வழியினரும் வெள்ளையரும் ஒரே கொட்டகையில் கார் கட்டியது அன்றைய அமெரிக்காவில் அரிது. பின்னாளில் வந்த பொற்காலச் சித்திரிப்புகளில் இந்தக் குழுவுக்கு உரிய இடம் வெகு தாமதமாகவே கிடைத்தது.

போர் முடிந்து கைவிடப்பட்ட ஓடுதளங்கள் வேறு நாடுகளிலும் பந்தயத்துக்குக் கைகொடுத்தன. இங்கிலாந்தில் பொடிங்டன் விமானத் தளம் 1966-இல் சாண்டா பாட் டிராக் தடமாயிற்று. சென்னைக்கு அருகே சோழவரம் ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் சுற்றுப் பந்தயங்களை நடத்தியது. கால் மைல் ஓட்டம் மட்டும் அன்று இங்கே வேர்பிடிக்கவில்லை.

1951-இல் பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். 1953 ஏப்ரலில் பமோனா சந்தைத் திடலின் வாகன நிறுத்துமிடத்தில் சங்கத்தின் முதல் பந்தயம் நடந்தது. மறு ஆண்டு ‘சேஃப்டி சஃபாரி’ என்ற சிறு குழு நேரக் கருவிகளை ஒரு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு நாடெங்கும் போய், உள்ளூர் மன்றங்களுக்குப் பாதுகாப்பான பந்தயம் நடத்தக் கற்றுக்கொடுத்தது. 1955-இல் முதல் தேசியப் போட்டி கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில் கூடியது. அதுவும் போர்க்கால விமானத் தளமே. மழை குறுக்கிட்டதால் இறுதி ஓட்டங்கள் அரிசோனாவுக்குத் தள்ளிவைக்கப்பட்டு, கால்வின் ரைஸ் வென்றார்.

புகையும் எரிபொருளும்

பழைய டிராக் கார்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது ‘ஸ்லிங்ஷாட்’ வகையை. 1954-இல் பந்தயக்காரர் மிக்கி தாம்ப்ஸன் ஓட்டுநர் இருக்கையைப் பின் அச்சுக்கும் பின்னால் கொண்டுபோனார். பாரம் பின் சக்கரங்களின் மேல் விழுந்ததால் டயர்களின் பிடிமானம் கூடியது. ஓட்டுநர் கால்களை அச்சின் இருபுறமும் நீட்டி, சீறும் எஞ்சினுக்குப் பின்னால் குந்தியிருப்பார். எஞ்சின் வெடித்தாலும், கிளட்ச் சிதறினாலும், எண்ணெய் தெறித்தாலும் எல்லாம் அவர் முகத்துக்கே வரும். கிறைஸ்லர் நிறுவனம் 1951 முதல் 1958 வரை பெரிய பயணிகள் கார்களுக்காகத் தயாரித்த ‘ஹெமி’ எஞ்சின் இவ்வகைக் கார்களின் இதயமாக இருந்தது. காயலான் கடையில் குவியல் குவியலாகக் கிடந்த எஞ்சின் அது.

எரிபொருள் நைட்ரோமீத்தேன். இதன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். ஆகவே அதே எஞ்சினுக்குள் பல மடங்கு எரிபொருளைச் செலுத்தலாம். எரியாமல் வெளியேறும் மிச்சம் புகைபோக்கியின் வாயில் பற்றி எரிந்து இரவில் தீநாக்காக எழும். அதன் காரநெடி கண்ணில் நீர் வரவழைக்கும். பழைய பார்வையாளர்களின் நினைவுகளில் வேக எண்களைவிட இந்த நெடி முன்னதாக வருவதில் வியப்பில்லை.

1957-இல் தேசிய ஹாட் ராட் சங்கம் இந்த எரிபொருளைத் தடை செய்தது. தடை 1963 வரை நீடித்தது. சங்கத்துக்குக் கட்டுப்படாத தடங்களில் நைட்ரோ தொடர்ந்து எரிந்தது. 1959-இல் பேக்கர்ஸ்ஃபீல்டின் ‘ஸ்மோக்கர்ஸ்’ மன்றம் ஃபமோஸோ ஓடுதளத்தில் நைட்ரோ கார்களுக்கென்றே பெரும் போட்டியைக் கூட்டியபோது, ஃப்ளோரிடாவிலிருந்து டான் கார்லிட்ஸ் வந்தார். 1957-இல் அவர் ப்ரூக்ஸ்வில்லில் மணிக்கு 176.40 மைல் (284 கி.மீ.) ஓடியதாக வந்த செய்தியைக் கலிஃபோர்னியர்கள் நம்பவில்லை. பேக்கர்ஸ்ஃபீல்டில் அவர் தோற்றார். ஆனாலும் அமெரிக்காவின் கிழக்கு, மேற்குக் கரைகளின் போட்டி அங்கே பிறந்தது.

நினைவுக்கும் பதிவுக்கும் உள்ள இடைவெளியை இந்த ஐயமே காட்டுகிறது. 1960-இல் கிறிஸ் காரமெஸினிஸ் இல்லினாய் மாநிலத்தின் ஆல்டனில் மணிக்கு 204.54 மைல் ஓடியதாக ஒரு கணக்கு உண்டு. 200 மைலைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான் என்று சாதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏற்கப்பட்ட பதிவோ 1964 ஆகஸ்டில் நியூ ஜெர்ஸியின் கிரேட் மெடோஸில் கார்லிட்ஸ் ஓடிய 201.34 மைல். தடத்துக்குத் தடம் கடிகாரம் வேறுபட்ட காலத்தில், நேரச் சீட்டு மட்டுமே சாட்சியாகிவிடாது. டோரிஸ் ஹெர்பர்ட் நடத்திய ‘டிராக் நியூஸ்’ வார இதழின் முடிவுப் பட்டியல்கள், புகைப்படங்கள், வீட்டுச் சுருள்படங்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டே இன்றைய ஆய்வாளர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

புகைப்படங்களில் ஒரு மாற்றம் தெளிவாகப் பதிந்திருக்கிறது. 1960-களின் நடுவில் எடுத்த படங்களில் கால் மைல் முழுவதும் பின் டயர்கள் வெண்புகை கக்கும். நழுவிப் பிடிக்கும் கிளட்ச் பரவிய பிறகு அந்தப் புகை அடங்கியது. கார்கள் முன்னைவிட வேகமாயின, பார்வைக்குக் கொஞ்சம் சாதுவாயின. 1963-இல் வண்ண விளக்குத் தூண் வந்ததும், கொடியை உயர்த்தித் துள்ளிக் குதித்துப் பந்தயத்தைத் தொடங்கிவைத்தவரும் மறைந்தார்.

லயன்ஸ் தடம்

ஆர்வலர்களின் நினைவில் லயன்ஸ் அளவுக்கு ஆழமாக வேரூன்றிய தடம் வேறொன்றில்லை. லாங் பீச்சை அடுத்த வில்மிங்டனில், துறைமுகப் பகுதி லயன்ஸ் சங்கங்களின் ஆதரவோடு 1955 அக்டோபரில் இது திறக்கப்பட்டது. சாலைப் பந்தயத்திலிருந்து இளைஞர்களை மீட்பது அறிவிக்கப்பட்ட நோக்கம். முதல் மேலாளர் மிக்கி தாம்ப்ஸன், பிற்காலத்தில் சி. ஜே. ஹார்ட். கடல் மட்டத்தை ஒட்டிய இடம் என்பதால் இரவில் குளிர்ந்த அடர்காற்று எஞ்சின்களுக்குக் கூடுதல் வலுவைத் தந்தது. சனிக்கிழமை இரவுகளில் நல்ல நேரங்கள் பதிவானதற்கு அதுவும் ஒரு காரணம்.

1970 மார்ச் 8 அன்று இங்கேதான் கார்லிட்ஸின் காரில் பல்சக்கரப்பெட்டி புறப்பாட்டிலேயே வெடித்துக் காரை இரண்டாகப் பிளந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதியை அவர் இழந்தார். மருத்துவமனைப் படுக்கையில் அவர் சிந்தித்தது எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் வடிவத்தைப் பற்றி. முன்பும் சிலர் முயன்று கைவிட்ட வடிவம் அது. ஸ்டியரிங்கின் திருப்ப விகிதத்தைக் குறைத்து அதை அடக்கியபின், 1971 பமோனா குளிர்காலப் போட்டியில் அந்த வடிவிலான காரிலேயே அவர் வென்றார். ஓரிரு ஆண்டுகளில் ஸ்லிங்ஷாட்கள் பந்தயத்துக்கு உதவாத பழங்காலப் பொருள்களாகிவிட்டன.

லயன்ஸ் தடமும் அதே வேளையில் முடிவை நெருங்கியது. சுற்றிலும் வீடுகள் பெருகின. இரவு முழுதும் எழுந்த இரைச்சலைக் குடியிருப்பாளர்கள் பொறுக்கவில்லை. துறைமுகத்துக்கும் நிலம் தேவைப்பட்டது. 1972 டிசம்பர் 2 அன்று நடந்த ‘கடைசி டிராக் பந்தயத்தில்’ நைட்ரோ கார்களின் டாப் ஃப்யூயல் பிரிவை கார்ல் ஓல்ஸன் வென்றார். கூட்டம் தடத்தில் கொள்ளாமல் வழிந்தது. பலகைகளையும் மரத்துண்டுகளையும் பெயர்த்து எடுத்துச் சென்றவர்கள் உண்டு. அந்நிலம் பின்னர் சரக்குப் பெட்டகங்களுக்குப் போயிற்று.

சாண்டா ஆனா தடம் 1959-இலேயே விமானப் போக்குவரத்துக்கு வழிவிட்டு மூடப்பட்டிருந்தது. அர்வின்டேல் 1977-இலும், ஆரஞ்சு கவுன்ட்டி பன்னாட்டுத் தடம் 1983-இலும் மறைந்தன. நில விலையேற்றமே பொதுக் காரணம். பமோனாவோ தப்பியது, ஏனெனில் அது ஆண்டில் சில வாரங்கள் தவிர்த்துச் சந்தைத் திடலின் வாகன நிறுத்துமிடமாகவே பயன்பட்டது. தடமாக மட்டும் இருந்த இடங்கள் போய், வேறு வேலையும் செய்த இடம் நிலைத்தது.

மீட்டெடுப்பு

தோற்ற காரை யாரும் பாதுகாப்பதில்லை. 1971-க்குப் பின் ஸ்லிங்ஷாட்களின் எஞ்சின்கள் கழற்றப்பட்டுப் புதிய கார்களுக்குப் போயின. வெறும் சட்டங்கள் சிறு பந்தயக்காரர்களுக்கு விற்கப்பட்டன, அறுக்கப்பட்டன, கொட்டகைகளின் உத்தரத்தில் தொங்கின. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, சிறுவயதில் அவற்றைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் கையில் பணம் சேர்ந்ததும் தேடத் தொடங்கினார்கள். கிடைத்த சட்டம் உண்மையானதுதானா என்று அறியப் பற்றவைப்புத் தையல்களையும் பழைய துளைகளின் இடங்களையும் அன்றைய புகைப்படங்களோடு ஒப்பிட்டார்கள். எவ்வளவு புதுப்பித்தால் அது அதே கார், எவ்வளவுக்கு மேல் போனால் அது நகல் என்ற வழக்கு இவர்களிடையே தீர்ந்தபாடில்லை. அன்றைய கார்களே ஒவ்வொரு வாரமும் உடைந்து உடைந்து கட்டப்பட்டவை என்பதால், ‘அசல்’ நிலை என ஒன்றைக் குறிப்பதே கடினம்.

1984-இல் கார்லிட்ஸ் ஃப்ளோரிடாவின் ஒகாலாவில் தம் அருங்காட்சியகத்தைத் திறந்தார். தம் கார்கள் பலவற்றை அங்கே வைத்திருக்கிறார். அவரது ‘ஸ்வாம்ப் ரேட்’ வரிசையின் முப்பதாவது கார் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போயிற்று. இன்று வாலி பார்க்ஸின் பெயரைத் தாங்கும் அருங்காட்சியகம் 1998-இல் பமோனாவில் அமைந்தது. 1992-இல் ஃபமோஸோவில் தொடங்கிய ‘ஹாட் ராட் ரீயூனியன்’ பழைய ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூட்டியது.

இந்தக் கூட்டங்களில் ஒரு சிக்கல் எழுந்தது. 1960-களின் கார்ச் சட்டங்கள் இன்றைய பாதுகாப்பு விதிகளை நிறைவுசெய்யா. குழாய் மெலிவு, கூண்டு போதாது. ஆகவே அவற்றைப் பந்தயத்தில் ஓட்ட முடியாது. 2000-ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய ‘கேக்கிள்ஃபெஸ்ட்’ இதற்கான விடை. அக்காலக் கார்களில் ஸ்டார்ட்டர் இல்லாததால், பின்னாலிருந்து டிரக் தள்ள எஞ்சின் உயிர்பெறும். இன்றும் அதேபோல் தள்ளிக் கிளப்பி, வரிசையாக நிறுத்தி, அந்தி நேரத்தில் நின்ற இடத்திலேயே நைட்ரோவில் ஓடவிடுகிறார்கள். காரின் தோற்றம், நெடி, தீநாக்கு, செவிப்பறையைத் தாக்கும் வெடியொலி எல்லாம் உண்டு, ஓட்டம் மட்டும் இல்லை. இந்த ஒலிக்கான ஏக்கம் புதிதல்ல. 1960-களின் தொடக்கத்திலேயே கேப்பிடல் நிறுவனம் டிராக் தட ஓசைகளை மட்டும் பதிந்த இசைத்தட்டை விற்றிருக்கிறது.

இரண்டாம் தலைமுறை ஆர்வலர்கள் பலருக்கு அறிமுகம் தடத்தில் அல்ல, பொம்மைக் கடையில் நிகழ்ந்தது. 1970-இல் மாட்டெல் நிறுவனம் பந்தய ஓட்டுநர்கள் டான் ப்ருதோம், டாம் மெக்யூவன் இருவரின் கார்களுக்குப் பணம் கொடுத்து, ‘பாம்பும் கீரியும்’ என்ற அவர்களின் பட்டப்பெயர்களோடு சிறு கார்களை ஹாட் வீல்ஸ் வரிசையில் வெளியிட்டது. லயன்ஸ் தடத்தை நேரில் பாராதவர்களும் அதற்காக ஏங்குவதற்கு இதுவும் ஒரு வழி.

2008-இல் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா பந்தய விபத்தில் இறந்தபின், நைட்ரோவில் ஓடும் டாப் ஃப்யூயல், ஃபன்னி கார் பிரிவுகளின் தூரம் 1,000 அடியாக (305 மீட்டர்) குறைக்கப்பட்டது. முன்னாள் பார்வையாளர்கள் பலர் இன்றும் இதை ஏற்கவில்லை. 2018-இல் நியூ ஜெர்ஸியின் இங்கிலீஷ்டவுன் தடத்திலும் டிராக் பந்தயம் நின்றது. முதல் தேசியப் போட்டி நடந்த கிரேட் பெண்ட் ஓடுதளத்திலோ உள்ளூர்ச் சங்கம் ஒன்று டிராக் பந்தயத்தைத் தொடர்ந்து நடத்திவருகிறது.