இரயில் நிலையமும் பெருங்காடும்

காட்டை அழித்து நாடாக்கியதைக் கரிகாலனின் பெருமையாகப் பட்டினப்பாலை போற்றும். மலாயாவில் அச்செயலைச் செய்த கைகளுள் தமிழ்த் தொழிலாளர் கைகள் பல. பெருமையோ அவர்க்கு வாய்க்கவில்லை. அழிந்த காட்டின் வரலாற்றோடு, அழியாது நின்ற காட்டின் வரலாற்றையும் சேர்த்தறிதல் நம் கடனாகும்.

கோலாலம்பூர் இரயில் நிலையம் 1910இல் எழுந்தது. அதனை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். நிலையத்தை அடுத்த பிரிக்பீல்ட்ஸ், இரயில்வேயில் பணிபுரிந்த இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் குடியிருந்த பகுதி. ஆர்தரின் சகோதரர் தியோடர் ஹப்பாக்கின் வழி வேறு. யானை வேட்டை பற்றி 1905இல் நூல் வெளியிட்ட அவரே, பின்னாளில் விலங்குகளைக் காக்க வாதாடினார்.

அவ்வாதம் எளிதில் வெல்லவில்லை. கிள்ளான் வட்டாரம் முதலாக எங்கும் இரப்பர் பரவிய காலம் அது. காட்டு விலங்குகள் பயிரை அழிக்கின்றன என்பது தோட்ட முதலாளிகளின் முறையீடு. எனினும், 1925இல் குனோங் தாகான் மலைப்பகுதி விலங்குக் காப்பிடமாயிற்று. ஹப்பாக் நடத்திய விசாரணையின் அறிக்கை 1932இல் வெளிவந்தது. 1938–39இல் பகாங், கிளந்தான், திரங்கானு மாநிலங்கள் சட்டமியற்றி, 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் தேசியப் பூங்காவை நிறுவின. விடுதலைக்குப் பின் அது 'தாமான் நெகாரா' எனப் பெயர் பெற்றது.

அதே 1938இல்தான், கூலிக் குறைப்பைக் குறித்து எழுந்த பிணக்கின் விளைவாக, மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்பப்படுவதை இந்திய அரசு தடை செய்தது. விலங்குக்குச் சட்டம் காப்பளித்த ஆண்டுகளிலேயே, காடு வெட்டிய தொழிலாளிக்கு உரிய கூலி வழக்காகவே நின்றது. தொன்றுதொட்டு அக்கானகத்தில் வாழும் பத்தேக் மக்களின் உரிமையும் எண்ணிப் பார்த்தற்குரியது.

இன்று கோலா தெம்பெலிங்கில் படகேறிக் கோலா தாகானை அடையும் மாணவர், லாத்தா பெர்கோ அருவியைக் கண்டு மகிழ்வர். திரங்கானுப் பக்கம், அணையினால் 1985இல் உருவான கென்யிர் ஏரியும் கண்ணுக்கு விருந்தாகும். ஆயினும், அழகைக் காட்டுவதோடு ஆசிரியர் பணி முடிவதில்லை. காத்தவர் பெயர் ஏட்டில் உள்ளது. வெட்டியவர் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. இவ்விரண்டையும் ஒருசேர உணர்த்துவதே முழுமையான வரலாற்றுக் கல்வியாம்.