அனுமதிக்காகப் பத்தாண்டுகள் காத்திருந்த வானொலி

ஹைதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள சிறுநகரம் ஜஹீராபாத். இன்று அது தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் அருகிலுள்ள மாச்னூர் கிராமத்தில் இயங்குவதுதான் 'சங்கம் ரேடியோ'. அலைவரிசை 90.4. இந்தியாவில் ஒரு தொண்டு நிறுவனம் உரிமம் பெற்றுத் தொடங்கிய முதல் கிராமப்புறச் சமுதாய வானொலி இதுவே. இதை நடத்துபவர்கள் தலித் பெண்கள்.

தொடக்கம்

தக்காண வளர்ச்சிக் கழகம் 1983 முதல் இப்பகுதியில் பணியாற்றி வருகிறது. ஏழைப் பெண்கள் ஊர்தோறும் சங்கமாகக் கூடி, தரிசு நிலங்களைத் திருத்தி, சோளம், தினை, துவரை போன்ற மானாவாரிப் பயிர்களை விளைவித்தார்கள், விதைகளைச் சேமித்தார்கள். இவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த மண்ணுக்கு எந்த விதை, எந்த நோய்க்கு எந்த மூலிகை என்பதெல்லாம் அத்துப்படி. ஏட்டில் இல்லாத அந்த அறிவு பேச்சில் இருந்தது. எனவே வானொலியே தமக்கு ஏற்ற கருவி என்று அவர்கள் கருதினார்கள்.

1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் ஒலிப்பதிவுக் கூடமும் ஒலிபரப்புக் கருவிகளும் அமைந்தன. பெண்கள் பயிற்சியும் பெற்றார்கள். அரசின் அனுமதி மட்டும் கிடைக்கவில்லை.

தீர்ப்பும் தாமதமும்

அன்று நடைமுறையில் இருந்தது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். கிரிக்கெட் போட்டிகளை ஒளிபரப்புவது தொடர்பான ஒரு வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. வானலைகள் பொதுச் சொத்து. அவற்றில் அரசுக்கு ஏகபோகம் இல்லை என்பது அதன் சாரம். தீர்ப்பளித்தவர்களில் நீதிபதி பி.பி. சாவந்தும் ஒருவர்.

ஆனாலும் கதவு மெதுவாகவே திறந்தது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி தரப்பட்டது. அதன்படி 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி தொடங்கியது. படித்தவர்களுக்கு வழி பிறந்தது. மாச்னூர் பெண்கள் தொடர்ந்து காத்திருந்தார்கள்.

காத்திருந்த காலத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. விவசாய அனுபவங்கள், கைவைத்தியம், பாடல்கள், பண்டிகை வழக்கங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்து, ஒலிநாடாக்களாக ஊர்களுக்கு எடுத்துச் சென்றார்கள். சங்கக் கூட்டங்களில் அவற்றை ஒலிக்கச் செய்து, கேட்டவர்களின் கருத்தையும் அறிந்துகொண்டார்கள்.

2006 நவம்பரில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தி, தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்றது. 2008 அக்டோபர் 15, சர்வதேச கிராமப்புறப் பெண்கள் தினத்தன்று சங்கம் ரேடியோ முறைப்படி ஒலிபரப்பைத் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர், ஓய்வு பெற்றிருந்த அதே நீதிபதி சாவந்த். தீர்ப்புக்கும் அந்த நாளுக்கும் இடையே 13 ஆண்டுகள் கடந்திருந்தன.

உரிமையும் எல்லையும்

சமுதாய வானொலியின் ஒலிபரப்புச் சக்தி பொதுவாக 100 வாட், கோபுரத்தின் உயரம் 30 மீட்டர் என்று வரம்பு உண்டு. ஆகவே சுற்றுவட்டார ஊர்களுக்கு மட்டுமே கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்புடன் தயாராக வேண்டும் என்பதும் விதி. பதிவு பெற்று மூன்று ஆண்டுகளாவது சேவையாற்றிய அமைப்புகள் விண்ணப்பிக்கலாம்.

ஒரு பெரிய தடை இன்னும் நீடிக்கிறது. இந்த வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது. ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை மாற்றமின்றி ஒலிபரப்ப மட்டுமே அனுமதி. தன் ஊரில் நேற்று நடந்ததைச் செய்தியாகச் சொல்லும் உரிமை, அவ்வூர் மக்களின் வானொலிக்கு இல்லை. பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள இந்த உரிமை வானொலிக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது என்ற கேள்வி நியாயமானது.

சங்கம் ரேடியோவின் வரலாறு நமக்குத் தரும் பாடம் தெளிவானது. அனுமதி வரும்வரை அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். பதிவு செய்யும் வேலையை மட்டும் காத்திருக்க விடவில்லை. நம் வீட்டு மூத்தவர்களிடமும் எழுதப்படாத ஊர் வரலாறும் வழக்கங்களும் ஏராளமாக உள்ளன. அவற்றைப் பதிவு செய்ய எந்த உரிமமும் தேவையில்லை. கையிலிருக்கும் அலைபேசியே போதும்.