அகச்சிவப்புத் தொலையியக்கி

கெபெக் மாகாணத்து மொன்றியலில் வீட்டுக் கணினியில் படம் பார்க்க ஒரு ரிமோட் வாங்கினால், 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனப்படி அதன் பெட்டியில் 'தெலெகொமாந்த்' என்னும் பிரெஞ்சுப் பெயர் இருந்தாக வேண்டும். வீட்டுக்குள் வந்ததும் கெபெக் மக்கள் அதை 'மனெத்' என்பார்கள். அது கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். அங்கு வாழும் ஈழத்தமிழர் நாவில் அது 'றிமோட்'. சொற்காதல் கொண்ட அன்பரே, நம் ஆக்கப்பெயரான 'அகச்சிவப்புத் தொலையியக்கி'யைச் சற்றே பிரித்துப் பார்ப்போமா?

'தெலெ' என்னும் கிரேக்கச் சொல் சேய்மையை மட்டுமே சுட்டும். நம் 'தொலை'யோ சேய்மையையும் இழப்பையும் ஓரடியில் அடக்கி, தொலைவு என்றும் தொலைந்தது என்றும் கிளைத்து, மெத்தை இடுக்கில் அடிக்கடி மறையும் இக்கருவிக்குக் கூடுதலாகவே பொருந்திவிடுகிறது. 'இயங்கு' என்னும் தன்வினை மெல்லினம் வலித்து 'இயக்கு' என்னும் பிறவினையாகி, இகரம் ஏற்று 'இயக்கி' ஆனது. கணித்தமிழில் லினக்ஸ் ஓர் இயங்குதளம். அதில் வன்பொருளை ஆள்வது இயக்கி. ஆகவே தொலையியக்கியின் ஒளியைக் கணினி அறியவும் ஓர் இயக்கி வேண்டும். சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்து வணங்கிய 'இயக்கி' மட்டும் இவ்வினைவழி வந்தவள் அல்லள். அவள் 'யட்சி'யின் தமிழ் வடிவம்.

இனி 'அகச்சிவப்பு'. 1800இல் வில்லியம் ஹெர்செல் ஞாயிற்றொளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது, அங்கேதான் சூடு மிகுந்தது. அக்கதிருக்குப் பின்னாளில் அமைந்த பெயரில் உள்ள 'இன்ஃப்ரா', 'கீழ்' என்று பொருள்படும் லத்தீன் சொல். இலங்கை வழக்கு அதை வழுவாமல் 'செந்நிறக்கீழ்' என்றது; அக்கதிரின் அதிர்வெண் சிவப்பினதைவிடக் குறைவு என்பதால் அது காரணப்பெயரே. தமிழ்நாட்டு வழக்கோ 'அகம்' என்று கொண்டு, ஊதாவுக்கு அப்பாலுள்ளதைப் 'புறஊதா' ஆக்கியது. முதன்மை வானவில்லின் வெளிவிளிம்பில் நிற்பது சிவப்பு, உள்விளிம்பில் ஊதா. அப்படிப் பார்த்தால் இவ்விணை தலைகீழ்தான். ஆயினும் திணையையே அகம், புறம் என வகுத்த மொழிக்கு அவ்விரண்டும் சேர்ந்து வருவதில் ஓர் ஓசையின்பம் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத ஒளியை 'அகம்' என்பதிலும் ஒரு நயம் உண்டு.

பல தொலையியக்கிகள் உமிழ்வது ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீள ஒளி. நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கும் அவ்வொளி, விட்டுவிட்டு ஒளிர்ந்து ஓர் எண்ணைச் சொல்கிறது. அவ்வெண் வெறும் இடுகுறி. போர்த்துகீசியம் தந்த 'பொத்தான்' ஒவ்வொன்றுக்கும் ஒன்று. லினக்ஸில் 'லிர்க்' என்னும் மென்பொருளைக் கொண்டு புதிய தொலையியக்கியைப் பழக்குவோர், முதலில் ஒரு பெயரைத் தட்டச்சிட்டுப் பின் அப்பெயருக்குரிய பொத்தானை அழுத்துகிறார்கள். 'ஓட்டு', 'நிறுத்து', 'ஒலி கூட்டு' என்னும் பொருள்படும் பெயர்கள் இப்படித்தான் அவ்வெண்களோடு இணைகின்றன. பெயர் பெறாத பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் லிர்க் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.