நண்பகல் முதல் நண்பகல் வரை

திருவரங்கத்துச் சித்திரைத் தேர் நிலையைவிட்டு அசையும் முதல் கணத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். எத்தனையோ கைகள் வடம் பற்றியும் அசையாது நின்ற தேர், ஒருமுறை உருளத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்துவதே பெரும்பாடாகிவிடுகிறது. சக்கரத்தினடியில் முட்டுக்கட்டை இடுவோரின் உயிர் அப்போது அவர்தம் கைப்பழக்கத்தையே நம்பியிருக்கிறது. மேனிலை வகுப்புப் பாடநூல் இதனையே நிலைமம், உந்தம் என்று இரு சொற்களில் அடக்கிவிடும். நிறை மிகுதியானால், வேகம் சிறிதாயினும் உந்தம் பெரிது. அதைச் சட்டென்று அழிக்க முயன்றால் வேண்டிய விசையும் மிகப் பெரிது. எனவேதான் சக்கரம் கட்டையின் சரிவில் உரசித் தளர இடங்கொடுக்கின்றனர்.

அவ்வூரிலேயே இன்னொரு கணக்கும் நம் தலைக்குமேல் நிற்கிறது. 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட இராசகோபுரத்தின் உயரம் 236 அடி; ஏறத்தாழ 72 மீட்டர். உச்சியிலிருந்து ஒரு கல் தவறினால், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட, 3.8 நொடியில் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 135 கிலோமீட்டர். அதே உச்சியிலிருந்து தரைமட்டும் ஒரு கயிற்றில் குண்டைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டினால், அது ஒருமுறை சென்று மீள 17 நொடி ஆகும். ஒரு மீட்டர் ஊசலுக்கோ இரண்டே நொடி. நீளம் 72 மடங்கானபோது நேரம் எட்டரை மடங்குதான். நீளத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றியே அலைவு நேரம் வளர்கிறது.

3.8 நொடி என்று எளிதாக எழுதிவிட்டோம். நொடியைக் காட்டும் கடிகாரமே இல்லாத காலத்தில் இதை யார், எவ்வாறு அளந்தார்? பீசா நகரப் பேராலயத்தில் ஆடிய விளக்கைத் தம் நாடித்துடிப்பால் கலிலேயோ அளந்தார் என்று அவருடைய மாணவர் விவியானி எழுதிவைத்த கதையை நாம் அறிவோம். 1633-இல் திருச்சபை அவருக்கு அளித்த தீர்ப்பையும், 1992-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அத்தவற்றை ஒப்புக்கொண்டதையும் அறிவோம். ஆனால் அத்தீர்ப்புக்குப் பின் பத்தாண்டுகளுக்குள், இத்தாலியின் பொலோஞா நகரில் ஓர் இயேசு சபைக் குரு செய்ததைப் பற்றி நம்மவர் பேசுவதில்லை.

அவர் பெயர் ரிச்சியோலி. சரியாக ஒரு நொடிக்கு ஒரு வீச்சு வீசும் ஊசல் அவருக்கு வேண்டியிருந்தது. ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆகவே 1642-இல் தம் சபைத் தோழர் ஒன்பது பேரை அழைத்து, நண்பகல் முதல் மறுநாள் நண்பகல் வரை, இரவும் பகலும் முறைவைத்து ஊசலின் வீச்சுகளை எண்ணச் செய்தார். செபமாலை மணிகளை எண்ணிப் பழகிய விரல்களுக்கும் அது கடுந்தவமே. கிடைத்த எண் 87,998. ஏறத்தாழ 1,600 வீச்சுகள் மிகை. ஊசலைத் திருத்தி மீண்டும் எண்ணினர்: 86,999. அப்போதும் சரியாகவில்லை. தோழர் பலர் சலித்து விலகினர். ஒளி வளையும் இயல்பைப் பின்னாளில் கண்டறிந்த கிரிமால்தி போன்ற ஓரிருவரே உடன் நின்றனர். வீச்சு அகலமானால் அலைவு நேரமும் சற்றே நீளும் என்பதையும் ரிச்சியோலி கண்டார். தேர்வில் நம் பிள்ளைகள் எழுத மறந்து மதிப்பெண் இழக்கும் ‘சிறு கோணம்’ என்ற நிபந்தனை அதுவே.

இத்தகைய ஊசல்களைக் காலக்கருவியாகக் கொண்டு, 97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்திலிருந்து அவர் குண்டுகளை விழச் செய்தார். பூமி நிலையாக நிற்கிறது என்ற பக்கமே நின்று வாதாடியவர் அவர். விழும் பொருள்கள் பற்றிக் கலிலேயோ சொன்னது பிழைபடும் என்றே எதிர்பார்த்தார். பிழைபடவில்லை. அதை மறைக்காமல் 1651-இல் வெளியிட்ட தம் பெருநூலில் அச்சிட்டார். 87,998 என்ற தோல்வியையும் சேர்த்தே அச்சிட்டார்.

அச்சபையினரே 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குக் கொணர்ந்தது தூய வளனார் கல்லூரி. அப்துல் கலாம் இயற்பியல் பயின்றது அங்கேதான். திருவரங்கத்தை அடுத்த திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமனும் அலைவை ஆராய்ந்தவர். குழந்தைப் பருவத்திலேயே விசாகப்பட்டினம் சென்றுவிட்டமையால், அவரைக் கற்பித்த பெருமையை நம் ஊர் கோர இயலாது. கல்கத்தாவில் நிதித்துறை அலுவலுக்கு முன்னும் பின்னுமான நேரங்களில் வில்லிட்ட நரம்பின் அதிர்வுகளை ஆராய்ந்தார். மிருதங்கத்தின் வலந்தலை நடுவே அப்பும் கருநிறச் ‘சோறு’, தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளைச் சுருதிக்கு இசைய வைக்கிறது என்று 1920-இல் எழுதினார். ஒளிச்சிதறலும் நோபல் பரிசும் பிற்பாடு வந்தவை.

நம் ஆய்வுக்கூட நினைவு வேறுவிதமானது. நூலில் கட்டிய குண்டு, கையில் நிறுத்துக் கடிகாரம், இருபது அலைவுகள். எண்ணிக்கை இடையில் தவறினால் மீண்டும் தொடங்க வேண்டும். நாம் தொடங்கவில்லை. விடை 980 என்று முன்பே தெரியுமாதலால், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, நேரங்களைப் பென்சிலால் நிரப்பி, அவை உண்மைபோல் தோன்றும்பொருட்டு ஓரிடத்தில் மட்டும் சிறிது பிசகவிட்டோம். பதிவேட்டில் நமக்குக் கிடைத்தது 979.6. ஆசிரியர் சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதினார். அந்தப் பதிவேட்டை இன்னும் வைத்திருக்கிறோம்.