விண்மீன் ஒளிக்கு அளவு கண்டவர்



கார்த்திகைத் திருநாளன்று ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இருண்ட அறையில் ஓர் அகலை ஏற்றுங்கள்; பின்னர் இரண்டாவது அகலை ஏற்றுங்கள். ஒளி மிகுந்தது கண்ணுக்கு உடனே புலப்படும். நூறு அகல்கள் எரியும் மண்டபத்தில் நூற்றோராவது அகலை ஏற்றினாலோ, எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். இரண்டு இடத்திலும் கூட்டியது ஒரே அகலின் ஒளிதான். நமது கண் 'எவ்வளவு கூடிற்று' என்று பார்ப்பதில்லை. 'எத்தனை மடங்கு ஆயிற்று' என்றே பார்க்கிறது. இந்த எளிய உண்மைக்கு வானநூலில் நிலையான ஓர் அளவைத் தந்தவரைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

கல்லூரியில் பயின்ற நாளில், வானநூல் பாடப் புத்தகம் ஒன்றில் 2.512 என்ற எண்ணைக் கண்டேன். இரண்டு என்றோ மூன்று என்றோ இராமல், இப்படிக் கரடுமுரடான ஓர் எண் ஏன் என்று வியந்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகே அதன் வரலாறு தெரிந்தது. அந்த எண்ணை நிலைநாட்டியவர் முப்பது ஆண்டுகள் நம் சென்னையில், நுங்கம்பாக்கத்தில் வாழ்ந்தவர். அவ்வழியே நாள்தோறும் நடந்துசென்ற எனக்கு இதனை அறிந்தபோது சிறிது வெட்கமாகவே இருந்தது.

அவர் பெயர் நார்மன் ராபர்ட் போக்சன். 1829-ல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் பிறந்தார். பதினாறாம் வயதில் பள்ளியை விட்டவர், பதினெட்டாம் வயதிற்குள் இரண்டு வால்மீன்களின் பாதையைக் கணித்துவிட்டார். 1852 முதல் ஆக்ஸ்ஃபோர்டு ராட்கிளிஃப் வானாய்வுக்கூடத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். அங்கே 1856-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு 'ஐசிஸ்' என்று பெயரிடப்பட்டது. அவருடைய மகளின் பெயரும் அதுவே.

அவ்வாண்டிலேதான் அந்த எண்ணும் பிறந்தது. பண்டைய கிரேக்க வானநூலார் விண்மீன்களை ஆறு ஒளித்தரங்களாகப் பிரித்திருந்தனர். மிகப் பிரகாசமானவை முதல் தரம். கண்ணுக்கு அரிதாகத் தெரிபவை ஆறாம் தரம். தொலைநோக்கி வந்த பிறகு, கண்ணுக்கே தெரியாத விண்மீன்கள் ஆயிரமாயிரமாகத் தென்பட்டன. அவற்றுக்கு ஒவ்வோர் அறிஞரும் தத்தம் மனம் போனபடி தரம் குறித்தனர். ஒருவர் ஒன்பதாம் தரம் என்றதை மற்றொருவர் பத்தாம் தரம் என்றார். ஆளுக்கொரு படியை வைத்து நெல் அளந்தால் கணக்கு எவ்வாறு தேறும்?

முதல் தரத்து விண்மீன் ஆறாம் தரத்து விண்மீனைக் காட்டிலும் ஏறத்தாழ நூறு மடங்கு ஒளியுடையது என்பதை முன்னோர் சிலர் அளந்து கண்டிருந்தனர். அந்த 'ஏறத்தாழ' என்ற சொல்லைப் போக்சன் நீக்கினார். ஐந்து தர வேறுபாடு சரியாக நூறு மடங்காகட்டும் என்றார். அப்படியானால் ஒரு தரத்திற்கு எத்தனை மடங்கு? 2.512-ஐ ஐந்து முறை தன்னோடு தானே பெருக்கிப் பாருங்கள், நூறு வரும். இவ்வெண்ணின் மடக்கை 0.4 ஆதலால் கணக்கிடுவதும் எளிது. இந்தப் பெரிய விதியை அவர் ஆரவாரமாக வெளியிடவில்லை. 1857-ஆம் ஆண்டில் மாதந்தோறும் 36 சிறுகோள்கள் எவ்வளவு ஒளியுடன் தோன்றும் என்று காட்டும் ஒரு பட்டியலுக்குத் துணையாகவே எழுதினார். பயன் கருதிப் பிறந்த விதி அது. மெல்ல மெல்ல உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது.

1861-ன் தொடக்கத்தில் அவர் சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். அது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த கூடம். வந்த சில வாரங்களில், ஏப்ரல் 17-ஆம் நாள், ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. ஆதலின் 'ஆசியா' எனப் பெயர் பெற்றது. பின்னர் ஸாப்போ, சில்வியா, கமில்லா, வேரா ஆகியவற்றையும் சென்னையிலிருந்தே கண்டார். மொத்தம் எட்டு.

ஆயினும், இவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது ஒரே ஓர் இரவின் குறிப்பு. 1863 மே 20 அன்று, விருச்சிக மண்டலத்தில் அதுவரை எவரும் குறிக்காத ஒரு விண்மீன் ஒன்பதாம் தரத்தை ஒட்டிய ஒளியுடன் தோன்றியது. போக்சன் அதைக் குறித்துக்கொண்டார். அது விரைவில் மங்கி மறைந்தது. கண்மயக்கம் என்று பிறர் கருத இடமுண்டு. ஆனால் இருபதாம் நூற்றாண்டில், ஹார்வர்டு கூடத்தின் பழைய ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்தபோது, அதே இடத்தில் அதே விண்மீன் 1906-லும் 1936-லும் ஒளிர்ந்தது தெரியவந்தது. 1979, 1987, 1999, 2010, 2022 ஆகிய ஆண்டுகளிலும் அது மீண்டும் ஒளிர்ந்தது. அங்கே அடர்ந்த ஒரு சிறு விண்மீன் தன் துணை விண்மீனிடமிருந்து வாயுவை ஈர்த்துச் சேர்க்கிறது. சேர்ந்தது அளவுமீறும்போது வெடிக்கிறது. அப்போது அதன் ஒளி சுமார் பத்துத் தரம் உயர்கிறது. அதாவது, போக்சனின் விதிப்படியே, பதினாயிரம் மடங்கு! இந்த விண்மீனின் வரலாற்றில் முதல் வரி சென்னையில் எழுதப்பட்டது.

இப்பணியை அவர் தனியே செய்துவிடவில்லை. முதல் உதவியாளராக விளங்கிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். 1872-ல் இலண்டன் அரச வானநூற் கழகத்தின் உறுப்பினரானார். 1874-ல் சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் கடந்தபோது, அதனை விளக்கித் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மக்களுக்காக நூல் வெளியிட்டார். போக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸும் 1873 முதல் தந்தைக்கு உதவியாளராக உழைத்தார். 1886-ல் அவர் பெயர் அதே கழகத்திற்கு முன்மொழியப்பட்டது. பெண் என்பதால் ஏற்கப்படவில்லை. 1920-ல்தான் அவருக்குக் கதவு திறந்தது. விண்மீனை அளக்கச் சரியான கோல் கண்ட அக்காலத்திற்கு, மனிதரை அளக்கச் சரியான கோல் கிடைக்கவில்லை.

போக்சனிடமும் குறை உண்டு. அளவுகளைக் குவித்தாரேயன்றி, உடனுக்குடன் அச்சேற்றவில்லை. 1891-ல் அவர் சென்னையில் மறைந்தபோது நட்சத்திர அட்டவணைப் பணி முற்றுப்பெறாமலே நின்றது. அடுத்து வந்த மிச்சி ஸ்மித் அதை முடித்தார். மாறொளி விண்மீன்களைப் பற்றிய குறிப்புகள் 1908-ல்தான் நூலாயின. அக்குறிப்புகளைப் பேணியவர்கள் இல்லாதிருந்தால் அத்தனை இரவுகளின் உழைப்பும் கரையானுக்கு இரையாகியிருக்கும்.

1899-ல் வானாய்வுப் பணி கோடைக்கானலுக்குப் பெயர்ந்தது. தொடக்க காலத்தில் தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் நுங்கம்பாக்கத்தில், வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மாணவ நண்பர்களே! மே மாதத்து இரவில் தென்திசையில் விருச்சிகம் எழும்போது அண்ணாந்து பாருங்கள். போக்சன் குறித்த விண்மீன் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் கண்டதை அப்படியே, நாளும் அளவும் பிழையாமல் எழுதி வைத்தமையால், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது அங்கே இருப்பது நமக்குத் தெரியும்.