ஒரு சிறு பூச்சியும் அல்ஜீரிய முஸ்லிம்களின் காணியும்



அல்ஜீரியா ஒரு முஸ்லிம் நாடு. வைன் குடிக்கும் பழக்கம் அந்த மக்களுக்கு இல்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகிலேயே அதிகம் வைன் ஏற்றுமதி செய்த நாடு அதுதான்! இது எப்படி நடந்தது? காரணங்களுள் ஒன்று, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி.

1850களில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை ஒரு பங்கசு நோய் தாக்கியது. இலையிலும் காயிலும் வெள்ளைத் தூள் பூசியதுபோலப் படரும் நோய் அது. அதைத் தாங்கக்கூடிய கொடிகளை அமெரிக்காவிலிருந்து இறக்கினார்கள். அந்தக் கொடிகளின் வேரில் பைலொக்சரா என்ற பூச்சியும் சேர்ந்து வந்தது. நம் விவசாயிகள் அழுக்கணவன் என்று சொல்லும் பூச்சிக்கு அது உறவு.

1863 அளவில் தெற்குப் பிரான்ஸில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. பட்ட கொடியைத் தோண்டினால் வேரில் ஒன்றுமே இல்லை. 1868இல் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளரும் அவருடன் சென்றவர்களும் பக்கத்தில் இன்னும் உயிரோடு நின்ற கொடிகளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வேர் முழுக்க மஞ்சள் நிறப் பூச்சிகள்! கொடி செத்ததும் அவை அடுத்த வேருக்குப் போய்விடும். அதனால்தான் அதுவரை எவர் கண்ணிலும் படவில்லை.

1875இல் சுமார் 845 கோடி லீட்டராக இருந்த பிரான்ஸின் வைன் உற்பத்தி 1889இல் சுமார் 234 கோடி லீட்டராக விழுந்தது. மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 இலட்சம் பிராங் பரிசு என்று அரசு அறிவித்தது. அது கடைசிவரை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவதே இறுதியில் கைகொடுத்தது.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி.

வைன் தட்டுப்பாட்டைத் தீர்க்க, 1830 முதல் தாம் ஆக்கிரமித்திருந்த அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர் திராட்சை நட்டார்கள். நட நிலம் இருந்தது. 1871இல் முக்ரானி தலைமையில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபின் 4 இலட்சம் ஹெக்டெயருக்கும் அதிகமான காணியை மக்களிடமிருந்து பறித்திருந்தார்கள். தோட்டச் சொந்தக்காரர் ஐரோப்பியர். கூலிக்கு வேலை செய்தவர்களோ பெரும்பாலும் அந்த மண்ணின் முஸ்லிம்கள். 1930களில் திராட்சைத் தோட்டங்கள் ஏறக்குறைய 4 இலட்சம் ஹெக்டெயரை எட்டின. கோதுமையும் பார்லியும் விளையக்கூடிய நல்ல நிலத்தில், அந்த மக்கள் தொடாத ஒரு பானத்துக்கான பயிர் விளைந்தது.

1962இல் சுதந்திரம் கிடைத்தது. பிரான்ஸ் வாங்குவதைக் குறைத்தது. வேறு சந்தையும் போதவில்லை, உள்ளூரில் குடிப்பவரும் குறைவு. பெருமளவு கொடிகளைப் பிடுங்கிவிட்டுத் தானியம் விதைக்க வேண்டியதாயிற்று.

இது தூரத்துக் கதை அல்ல. அதே காலத்தில், 1869இல், எமது நாட்டின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அதுவும் ஒரு பங்கசு. படிப்படியாகக் கோப்பி அழிந்தது. அந்த மலைகளில் தேயிலை வந்தது. அங்கும் என்ன நடுவது என்று முடிவெடுத்தவர்கள் அந்த மண்ணின் மக்கள் அல்லர்.

பூச்சியையும் பங்கசையும் விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். கூடவே இரண்டு கேள்விகளையும் கேட்கப் பழக்குவோம்: இந்தக் காணி முன்பு யாருடையது? இதில் விளைவது யாருடைய வயிற்றுக்கு?