உறுப்பு மாற்றமும் உணவுப் பழக்கமும் - ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை என்றதும் மருத்துவரின் திறமைதான் நம் நினைவுக்கு வரும். அந்தச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன்பின் அந்த உறுப்பைப் பல ஆண்டுகள் காப்பாற்றுபவை மாத்திரையும் சாப்பாடும் அன்றாடப் பழக்கமும் ஆகும். இதை மருத்துவ உலகம் படிப்படியாகத்தான் கற்றுக்கொண்டது.

மருந்துகளின் வருகை

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார். இருவரும் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர் என்பதால் உடல் அதை ஏற்றுக்கொண்டது. மற்றவர்களுக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்க மருந்து தேவைப்பட்டது. 1960களில் அசதயோப்ரினும் ஸ்டீராய்டும் அந்த வேலையைச் செய்தன. இந்தியாவில் 1971ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றி கண்டது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பிறந்த சைக்ளோஸ்போரின் 1983ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் ஜப்பானிலிருந்து டாக்ரோலிமஸ் வந்தது.

ஒரு பழம் சொன்ன பாடம்

மருந்துகள் உயிரைக் காத்தன. கூடவே புதிய எச்சரிக்கைகளையும் கொண்டுவந்தன. ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், சர்க்கரையை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும். எதிர்ப்புச் சக்தி குறைவதால் காசநோயும் வயிற்றுத் தொற்றும் எளிதில் பற்றும்.

1989ல் கனடாவில் டேவிட் பெய்லி என்பவர் மதுவுக்கும் ஒரு ரத்த அழுத்த மருந்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் பலமடங்கு உயர்ந்தது! சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் இரண்டுக்கும் இதே ஆபத்து உண்டு. கிரேப்ஃப்ரூட்டின் நெருங்கிய உறவான நம் ஊர் பம்ளிமாஸையும் இதனால்தான் விலக்கச் சொல்கிறார்கள்.

சென்னையில்

2008 செப்டம்பரில் மூளைச்சாவு அடைந்த மாணவன் ஹிதேந்திரனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சுமார் 11 நிமிடங்களில் கொண்டுசெல்லப்பட்டது. மருத்துவர்களான பெற்றோரின் அந்த முடிவு தமிழகத்தில் உறுப்பு தானத்தைப் பரவலாக்கியது.

உறுப்பு பெற்றவர்களின் சிக்கல் வீட்டுச் சமையலறையில் தொடங்குகிறது. டயாலிசிஸ் காலத்தில் இளநீரும் வாழைப்பழமும் கூடாது, தண்ணீரும் அளவோடுதான். புதிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்யத் தொடங்கியதும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். ஆனால் டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தை உயர்த்தக் கூடியது. ஆகவே இளநீர் குடிக்கலாமா என்பதை ரத்தப் பரிசோதனைதான் முடிவு செய்ய வேண்டும்.

தி.நகர் கடைவீதியில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு, பானிபூரி, நறுக்கி வைத்த பழம் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. சூடான இட்லியும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் பாதுகாப்பானவை. மயிலாப்பூர் வீடுகளின் வடாம், அப்பளம், ஊறுகாயில் உப்பு அதிகம். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். காய்ச்சாத அபிஷேகப் பால் பக்தியுடன் தரப்பட்டாலும் குடிக்கக்கூடாது. மருத்துவரைக் கேட்காமல் நாட்டு மருந்தும் கூடாது. நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ வெயில் ஏறுமுன் நடப்பது எடைக்கும் எலும்புக்கும் நல்லது. இந்த மருந்துகள் தோல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதால் கடும் வெயிலைத் தவிர்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்துவது. உடல் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

முடிவுரை

உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023ல் தமிழக அரசு அறிவித்தது. கொடுத்தவருக்கு அரசு செய்யும் மரியாதை அது. பெற்றவர் செய்யும் மரியாதை, தினமும் நேரம் தவறாமல் விழுங்கும் மாத்திரையிலும் தட்டில் குறைக்கும் உப்பிலும் இருக்கிறது.